சிவப்பு வயலில் ஐந்து பேர்: இந்த அறுவடை ஓவியம் துயரத்தைச் சொல்கிறதா?

பிப்ரவரி 2, மாலை

நண்பர் ஒருவர் தம் குடும்பத்தின் வழியாகத் தமக்கு வந்த ஒரு நீர்வண்ண ஓவியத்தைப் படமெடுத்து அனுப்பி, இது துயரத்தைச் சொல்லும் ஓவியம்தானே என்று கேட்கிறார். ஜெர்மனியில் வாங்கப்பட்டது என்பதைத் தவிர அதன் வரலாறு அவருக்குத் தெரியாது. வலது கீழ் மூலையில் இரண்டு எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன, படிக்க முடியவில்லை. தாள் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நடை சந்தேகமின்றி வெளிப்பாட்டுவாத நடை, அதாவது கண்ணில் பட்டதைவிட உள்ளத்தில் பட்டதை வரையும் நடை: முரட்டுக் கருநீலக் கோடுகள், அவற்றை மதிக்காமல் வழிந்தோடும் வண்ணம், ஆழமே இல்லாமல் நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் நிலம்.

படத்தில் ஐந்து பேர். மூன்று ஆண்கள் சாய்ந்த வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெண் தரையோடு குனிந்திருக்கிறாள். இன்னொரு பெண் ஓரத்தில் நிமிர்ந்து நின்று எதையோ மார்போடு அணைத்திருக்கிறாள். வயல் முழுவதும் சிவப்பு. வானம் சாம்பல் கலந்த நீலம்.

நண்பரின் வாதம் நான்கு சான்றுகளின் மேல் நிற்கிறது. உழைப்பவர்களுக்கு முகமில்லை, வயல் இரத்த நிறத்தில் இருக்கிறது, வானம் குளிர்ந்து செத்திருக்கிறது, மூன்று ஆண்களும் போர்வீரர்களைப் போல அணிவகுத்திருக்கிறார்கள். ஆகவே இது 1914 முதல் 1918 வரை நடந்த போரின் நினைவு என்பது அவர் முடிவு. பார்த்தவுடன் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒப்புக்கொண்டு பதிலும் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 2, நள்ளிரவு

அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

முதலில் சிவப்பு. 1905ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டிரெஸ்டனில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள், கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ராட்லூஃப், பிளைல் ஆகியோர், 'பாலம்' என்ற பொருள்படும் 'டி ப்ரூக்கே' என்ற வெளிப்பாட்டுவாத ஓவியக் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் வழியில் வந்தவர்களிடம் சிவப்பு வயலும் பச்சை முகமும் நீல மரமும் அன்றாடச் சங்கதிகள். ஒரு சிவப்பை அவர்கள் வைப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் பச்சையையோ நீலத்தையோ உரக்கப் பேச வைப்பதற்காக. அந்தக் குழுவின் ஓவியங்களில் சிவப்பைக் கண்ட இடத்திலெல்லாம் இரத்தம் என்று படித்தால், கடற்கரையில் குளித்துவிட்டு வெயில் காயும் மனிதர்களையும் காயம்பட்டவர்களாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சான்றும் இருக்கிறது. வெளிப்பாட்டுவாதிகள் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடிய வான் கோ, 1889இல் செயின்ட்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, தனியாக ஒருவன் கதிர் அறுக்கும் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த அறுப்பவனிடம் தாம் மரணத்தின் உருவத்தைக் காண்பதாகவும், அறுக்கப்படும் கதிர் மனித குலம் என்றும் தம்பி தியோவுக்கு எழுதினார். ஆனால் அந்த மரணத்தில் சோகம் ஏதுமில்லை, எல்லாம் பொன்னொளியில் பட்டப்பகலில் நடக்கிறது என்றும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொண்டார். படமோ மஞ்சளில் மிதக்கிறது. மரணத்தை வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் இருப்பதிலேயே மகிழ்ச்சியான நிறத்தை எடுக்கிறார் என்றால், நிறத்துக்கு உணர்ச்சியைப் பொருளாகச் சொல்லும் அகராதி ஒன்று நம்மிடம் இருப்பதாக நம்புவது ஆபத்தானது.

நண்பரின் நான்கு சான்றுகளில் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது.

பிப்ரவரி 5

இன்று போர்வீரர்களைப் பற்றி. அவர்கள் கையில் இருப்பவற்றை நண்பர் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டிருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீண்ட பிடியும் அதன் முனையில் வளைந்து செல்லும் மெல்லிய அலகும் தெரிகின்றன. நின்றபடி இரண்டு கைகளாலும் வீசி அறுக்கும் நெடிய அரிவாள் அது. நாம் அறிந்த கையரிவாளைப் போல ஒரு கையால் கதிரைப் பற்றி மறு கையால் அறுக்கும் கருவி அன்று.

இந்த வேறுபாடு ஓவியத்தைப் படிப்பதற்கு மிக முக்கியமானது, ஏனென்றால் கருவிதான் உடலை வளைக்கிறது. கையரிவாள் பிடித்தவர் தரைக்கு அருகில் குனிந்தே ஆக வேண்டும். நெடிய அரிவாள் பிடித்தவர் முதுகைச் சற்றே சாய்த்து நின்று, இடுப்பிலிருந்து மேலுடலைத் திருப்பி, வலமிருந்து இடமாக ஒரு வில்லைப் போல வீசுகிறார். அறுபட்ட தாள் அவருக்கு இடப்பக்கம் வரிசையாக விழுகிறது. பலர் சேர்ந்து அறுக்கும்போது ஒருவருக்குப் பின்னால் ஒருவர் சற்று விலகி, படிக்கட்டைப் போலச் சாய்ந்த வரிசையில் நகர்கிறார்கள். வேறு வழியில்லை, பக்கத்தில் நின்றால் அடுத்தவர் கணுக்கால் போய்விடும். இந்த வரிசை வெளிப்பாட்டுவாதிகளின் கண்டுபிடிப்பும் இல்லை: 1565இல் ஃபிளாண்டர்ஸ் ஓவியர் புரூகல் வரைந்து, இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அறுவடை ஓவியத்தின் இடப்பக்கத்திலும் நெடிய அரிவாள்காரர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அணிவகுப்பு என்பது பாதுகாப்பு ஏற்பாடு. அந்தச் சாய்ந்த கோடு ஓவியருக்குப் பிடித்திருந்ததால்தான் அதை அவ்வளவு அழுத்தி வரைந்திருக்கிறார் என்பது வேறு விஷயம். பிடித்திருந்தது என்பதும் சான்றுதான். ஆனால் எதற்குச் சான்று என்று இன்னும் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 6

ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக நினைக்கிறேன்.

நேற்று வலமிருந்து இடமாக வீசுவார்கள் என்று எழுதினேன். இன்று பார்த்தால் படத்தில் மூவரும் இடமிருந்து வலமாக வீசுகிறார்கள். அறுபட்ட வரிசை அவர்களுக்கு வலப்பக்கம் கிடக்கிறது. இடக்கைக்காரர்களுக்கான நெடிய அரிவாள் மிக அரிது, ஏனென்றால் வரிசையில் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் வீசினால் எல்லாருடைய ஒழுங்கும் கெட்டுவிடும். மூவரும் இடக்கைக்காரர்களாக இருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் இது எதையோ பார்த்து இடவலம் மாறி எடுத்த பிரதி. மரச்செதுக்கு அச்சில்தான் இது இயல்பாக நடக்கிறது: பலகையில் செதுக்கியது தாளில் இடவல மாற்றத்தோடு பதிகிறது. ப்ரூக்கே குழுவினர் மரச்செதுக்கில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தவர்கள். நம் ஓவியர் முதலில் ஓர் அறுவடைக் காட்சியைப் பலகையில் செதுக்கி, அச்செடுத்து, அந்த அச்சைப் பார்த்து இந்த நீர்வண்ணத்தைத் தீட்டியிருக்கிறார். கருநீலக் கோடுகளின் முரட்டுத்தனத்துக்கும் இதுவே விளக்கம்: அவை தூரிகைக் கோடுகளாக இருந்தாலும் உளியின் நினைவைச் சுமக்கின்றன. வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாமே பொருந்துகிறது. துயரம் என்று நாம் உணர்ந்தது உண்மையில் மரத்தின் விறைப்பாக இருக்கலாம்.

நண்பருக்கு உடனே எழுதிவிட்டேன். அந்த மரச்செதுக்கு அச்சைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 7

நண்பர் அனுப்பிய படம் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்தது; அது இடவலம் மாற்றிச் சேமித்திருக்கிறது. முந்தைய குறிப்பை யாரும் படித்திருந்தால் மறந்துவிடவும்.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

படிக்க முடியாத இரண்டு எழுத்துகளும் அதனால்தான் படிக்க முடியாதவையாக இருந்தனவா என்று ஆசையோடு திருப்பிப் பார்த்தேன். திருப்பிய பிறகும் படிக்க முடியவில்லை.

நேற்றைய குறிப்பை அழிக்கவும் மனம் வரவில்லை. ஒரு தவறான தரவு கிடைத்த அரை மணி நேரத்தில், அதுவரை எனக்குப் புரியாமல் இருந்த எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளைத்துவிட்டேன். எல்லாமே பொருந்துகிறது என்று தோன்றும்போதுதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 11

ஓவியத்தை நேரில் பார்த்தேன். கண்ணாடியும், ஓவியத்தின் ஓரங்களை மூடும் மவுண்ட் அட்டையும் பழையவை. அட்டையின் அமிலம் தாளின் ஓரங்களில் பழுப்புக் கோடாக இறங்கியிருந்ததால் எப்படியும் மாற்ற வேண்டும் என்று சட்டம் போடுபவர் சொன்னார். அவரே பிரித்தார். அட்டையைத் தூக்கியபோது நாங்கள் மூவரும் சிறிது நேரம் பேசவில்லை.

வானம் நீலம் இல்லை. அட்டையால் மூடப்பட்டிருந்த விரல் அகலப் பட்டையில், மேல் விளிம்பு நெடுகிலும், வானம் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த அந்தி நிறத்தில் அப்படியே இருந்தது. அட்டை முடியும் கோட்டிலிருந்து கீழே அது சட்டென்று சாம்பல் நீலமாகிறது. யாரோ இதைப் பல ஆண்டுகள் வெளிச்சம் படும் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நீர்வண்ணம் இதில் மிகவும் பாவப்பட்டது. எண்ணெய் வண்ணத்தில் நிறமித் துகள்கள் தடித்த படலத்துக்குள் ஓரளவு மறைந்திருக்கின்றன; நீர்வண்ணத்தில் அவை தாளின் மேல் மெல்லிய தூசியாக, காப்பின்றிக் கிடக்கின்றன. அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களைப் பொதுவாக 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படாமல் மங்கிய அறைகளில் சில மாதங்கள் மட்டும் வைத்துவிட்டு இருட்டுக்குள் எடுத்துச் செல்வது இதற்காகத்தான். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் சாவதில்லை என்பதுதான் விளக்கவுரை எழுதுபவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கும் பொறி. அல்ட்ராமரீன் நீலம் ஒளியைத் தாங்கி நிற்கும். 1868இல் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட அலிசரினைப் போன்ற சாயவகைச் சிவப்புகள், அதுவும் நீர்த்துப் பூசினால், மெல்ல மறைந்துவிடும். இரண்டையும் கலந்து ஊதா வானம் தீட்டினால், சில பத்தாண்டுகளுக்குப் பிறகு சுவரில் நீல வானம் தொங்கும். இந்தத் தாளில் நடந்தது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். நிறமியின் பெயரைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வானத்தின் நீலம் தாளின் சிறு குழிகளில் மணல்மணலாகத் தங்கியிருப்பது மட்டும் அல்ட்ராமரீனின் வழக்கமான குணம்.

வயலின் சிவப்பு அட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுபோல் இருக்கிறது. அது வேறு சிவப்பு.

பிப்ரவரி 12

ஆக, குளிர்ந்து செத்த வானம் என்ற மூன்றாவது சான்றும் போயிற்று. நாங்கள் துயரம் என்று படித்தது ஒரு சுவரின் வெயில் கணக்கு.

இதை எழுதி முடித்தபின் ஒரு சங்கடம். அந்தச் சிவப்பு வயலை முதல் குறிப்பில் நான் இவ்வளவு கூர்மையாக உணர்ந்ததற்குக் காரணமும் வானம் வெளுத்ததுதான். பக்கத்தில் ஊதாவும் இளஞ்சிவப்பும் இருந்திருந்தால் இந்தச் சிவப்பு வானத்தோடு உறவாடியிருக்கும்; மாலை வெளிச்சம் வயலில் இறங்கியிருப்பதாகக்கூடத் தெரிந்திருக்கும். துணையை இழந்த பிறகு அது தனியாகக் கத்துகிறது. பிப்ரவரி 2 நள்ளிரவில் நான் பக்கத்து நிறத்தைப் பற்றி எழுதியதை அந்த வானத்துக்கே பொருத்திப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

பிப்ரவரி 15

முகங்கள். நண்பருக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு சான்றுதான்.

வாதாடுவதற்குப் பதிலாக நகலெடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நான் ஓவியன் அல்லன். நீர்வண்ணத்தில் சில ஆண்டுகள் தாள்களை வீணாக்கியவன், அவ்வளவுதான். அதே அளவுத் தாளை நனைத்து, வயலின் சிவப்பை முதலில் விட்டேன். ஈரத்தின் மேல் கருநீலக் கோட்டால் முதல் ஆளை வரைந்தபோது கோடு இறகைப் போலப் பிரிந்து ஓடியது. மூலத்திலும் முதல் ஆளின் கோடு அப்படித்தான் பிரிந்திருக்கிறது. மூன்றாவது ஆளின் கோடோ கூர்மையாக நிற்கிறது. அதாவது ஓவியர் முதல் ஆளிலிருந்து மூன்றாவது ஆளுக்கு வருவதற்குள் தாள் உலர்ந்திருக்கிறது. எனக்கு அதற்குப் பத்து நிமிடம் ஆனது. பயிற்சி பெற்ற கை அதைவிட விரைவாகவே செய்திருக்கும். நிற்காமல் செய்யப்பட்ட வேலை இது. ப்ரூக்கே ஓவியர்கள் தங்கள் தொடக்க ஆண்டுகளில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரியின் நிலையை மாற்றி, யோசிக்க நேரமே தராமல் வரைந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தின் வாசனை இங்கே இருக்கிறது.

இந்தத் தாளில் ஒரு தலையின் அகலம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஈரத் தாளில் அதற்குள் கண்ணும் மூக்கும் வைக்க முயன்றேன். மூன்று முயற்சியிலும் கறுத்த கறைதான் மிஞ்சியது. உழைப்பவர்களின் அடையாளமின்மை என்று நாம் உருகிய விஷயம் ஈரத் தாளின் இயற்பியலாக இருக்கலாம் என்று நண்பருக்கு எழுதினேன். சற்று எக்களிப்போடு எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஈரத்தை எதிரியாக்காமல் கூட்டாளியாக்கிக் கொண்டவர் என்று ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டேவைச் சொல்வார்கள். உறிஞ்சும் ஜப்பானியத் தாளை நன்றாக ஊறவைத்து, நிறங்களை ஒன்றுக்குள் ஒன்று ஓடவிட்டு, எங்கே எது நிற்கிறதோ அதிலிருந்து உருவத்தைக் கண்டெடுப்பார். உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1902இல் தம் பிறந்த ஊரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டவர். நிலத்தோடும் நீரோடும் இவ்வளவு நேர்மையாக உறவு வைத்திருந்தவர் என்று

பிப்ரவரி 16

நேற்று அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினேன். 'நேர்மை' என்ற சொல் கையைப் பிடித்தது.

நோல்டே நாஜி ஆதரவாளர். 1937இல் நாஜிகள் அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்த படைப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அவருடையவை. வேறெந்த ஓவியருக்கும் அவ்வளவு இல்லை. அதனால் போருக்குப் பிறகு அவரைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்க்கும் கதை வளர்ந்தது. நாஜிகள் விதித்த தொழில் தடைக்குப் பிறகு ஒளித்து வைத்து வரைந்தவை என்று சொல்லப்பட்ட சிறு நீர்வண்ணங்கள் அந்தக் கதையின் மையம். 2019இல் பெர்லினில் நடந்த கண்காட்சி, அவருடைய கடிதங்களையும் ஆவணங்களையும் முன்வைத்து, அவரது யூத வெறுப்பையும் ஆட்சியின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையையும் ஐயமின்றிக் காட்டியது. அந்தச் சிறு தாள்களின் ஈரம் கண்காட்சிக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். ஆனால் அந்த ஈரத்தில் பாதிக்கப்பட்டவரின் நடுக்கத்தைப் படித்த விளக்கங்கள் எத்தனை எழுதப்பட்டிருக்கும்!

பெயர் தெரியாத ஓவியர் என்பதில் ஒரு வசதி இருக்கிறது. வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்து தாளின் மேல் ஊற்ற முடியாது.

பிப்ரவரி 20

நண்பர் விடவில்லை. அறுவடை என்ற பொருளைத் தேர்ந்ததே அரசியல் இல்லையா என்கிறார். உழவரைப் போற்றியது வலதுசாரிகளா, இடதுசாரிகளா? இருவரும்தான். 1857இல் பிரெஞ்சு ஓவியர் மில்லே கதிர் பொறுக்கும் பெண்களை வரைந்தபோது, பாரிஸ் கண்காட்சியில் அதை வசதியானவர்களுக்கு விடுக்கப்பட்ட மிரட்டலாகப் படித்தவர்கள் இருந்தார்கள். 1933 முதல் நாஜி ஜெர்மனியில் அறுவடை அரசின் அதிகாரபூர்வப் பெருவிழாவாகிவிட்டது; பியூக்கபெர்க் குன்றில் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் திரட்டப்பட்டது. அதே ஆட்சிதான் 1937 ஜூலை 19 அன்று மியூனிக்கில் திறந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில், வெளிப்பாட்டுவாதிகளின் உழவர் ஓவியங்களை, ஜெர்மானிய உழவர்களை யூதக் கண்ணால் பார்த்தவை என்ற பொருள்படும் ஏளனத் தலைப்பின் கீழ் மாட்டியது. அவர்களில் ஒருவரான கிர்ஷ்னர் யூதரே அல்லர். 1917 முதல் டாவோஸ் மலைப்பகுதியில் உழவர்களுக்கு நடுவில் வாழ்ந்து அவர்களை வரைந்தவர். 1938 ஜூனில் அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆட்சிக்கு உறுத்தியது பொருள் இல்லை என்பது. உழவர் வேண்டும், ஆனால் தசையும் முகமும் நேர்த்தியான கதிரும் கொண்ட உழவர் வேண்டும். சிவப்பு வயலில் மூக்கில்லாத உழவர் வேண்டாம்.

கிர்ஷ்னரின் வட்டத்தைச் சேர்ந்தவர் வரைந்ததாக இருக்குமோ என்றும் நண்பர் கேட்டார். இல்லை என்று நினைக்கிறேன். டாவோஸ் சரிவுகளில் அறுப்பது பெரும்பாலும் மாட்டுக்கான புல். நம் படத்தின் பின்புறத்தில் கட்டுகள் ஒன்றோடொன்று சாய்த்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. கதிர் உலர்வதற்காகத் தானியத்தைத்தான் அப்படி நிறுத்துவார்கள். நிலமும் தட்டை. வட ஜெர்மானியச் சமவெளி பொருந்தும். ஷ்மிட்-ராட்லூஃப் 1920களில் பொமரேனியாவின் கடலோர கிராமமான யெர்ஷோஃப்டில் கோடைகளைக் கழித்து, மீனவர்களையும் வயல்வேலை செய்பவர்களையும் வரைந்தது இந்த வகைக்கு அருகில் வருகிறது. அருகில் என்று மட்டும்தான் சொல்கிறேன். பிப்ரவரி 6 இன்னும் நினைவில் இருக்கிறது.

பிப்ரவரி 24

குனிந்திருக்கும் பெண்ணைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்பது உறைத்தது.

அவள் அறுக்கவில்லை, கட்டுகிறாள். ஆண் நெடிய அரிவாளால் வீழ்த்திச் செல்ல, பின்னால் வரும் பெண் வாரி அணைத்து, ஒரு பிடித் தாளையே கயிறாக முறுக்கி, முழங்காலால் அழுத்திக் கட்டுவாள். வட ஐரோப்பிய வயல்களில் இது பரவலாக இருந்த வேலைப் பிரிவினை. ஆணின் கருவி அவனை நிமிர்த்தி வைக்க, அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியவள் நாள் முழுதும் குனிந்தே இருக்கிறாள். குனிதல் என்றாலும் எல்லாம் ஒன்றன்று. மில்லேயின் பெண்கள் அறுவடை முடிந்த பின், பிறர் நிலத்தில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தொலைவில் பெரும் கதிர்ப்போர்கள் எழுகின்றன, குதிரை மேல் மேற்பார்வையாளன் இருக்கிறான். அந்தக் குனிவில் வறுமை இருக்கிறது. நம் பெண்ணின் கைகளுக்குள் இருப்பது கட்டு நிறையக் கதிர்.

ஆனாலும் ஓவியர் அவள் முதுகை எப்படி வரைந்திருக்கிறார் என்பதைக் கூற வேண்டும். மூன்று ஆண்களின் உடல்களுக்கும் பல கோடுகள் செலவாகியிருக்கின்றன. அவளுக்கு ஒரே கோடுதான்: பிடரியில் தொடங்கி, முதுகில் ஏறி, இடுப்பில் இறங்கி, பாவாடையாக விரிந்து, அப்படியே தரையின் கோடாகிவிடுகிறது. எங்கே அவள் முடிகிறாள், எங்கே நிலம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. என் நகலில் இந்தக் கோட்டை மட்டும் பதினோரு முறை முயன்றேன். ஒருமுறைகூட இடுப்பில் தூரிகை தயங்காமல் போகவில்லை. எந்த வேலைநுட்பமும் விளக்காத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது. தூரிகையின் வேகத்துக்கு வசதி என்று சொல்லிப் பார்த்தேன். அதே வசதி ஆண்களுக்கு ஏன் தரப்படவில்லை?

மார்ச் 1

தமிழில் ஒரு வேடிக்கை. அறுத்த வயலில் மிஞ்சுவது தாள். தீட்டிய ஓவியத்தில் தீட்டாமல் மிஞ்சுவதும் தாள். இந்தப் படத்தில் அரிவாள்கள் கடந்து போன இடமெல்லாம் வண்ணம் படாத வெள்ளைக் கீற்றுகளாக இருக்கிறது. நீர்வண்ணத்தில் வெள்ளை பொதுவாகப் பூசப்படுவதில்லை, விட்டுவைக்கப்படுகிறது என்பதால், ஓவியர் தாளைக் காட்டியே தாளை வரைந்திருக்கிறார். ஜெர்மன் மொழியில் இது செல்லுபடியாகாது என்பது தெரியும். எனக்காகக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 2

பிப்ரவரி 15ஆம் தேதி முகங்களைப் பற்றி எக்களித்ததைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் பெண்ணுக்கு முகம் இருக்கிறது. நண்பர் அனுப்பிய படத்தில் நிழல் என்று எண்ணியிருந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால், தலைத்துணியின் வெள்ளைக்குக் கீழே இரண்டு சிறு புள்ளிகளும் ஒரு குறுக்குக் கோடும் தெளிவாக, சிதறாமல், உலர்ந்த தாளில் இடப்பட்டிருக்கின்றன. மற்ற நால்வருக்கும் அதையே செய்திருக்கலாம். எல்லாம் உலரும்வரை காத்திருந்து திரும்பி வந்தவர், ஒருத்திக்கு மட்டும் முகம் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். அப்படியானால் மற்றவர்களின் முகமின்மைக்கு ஈரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நண்பருக்கு மிஞ்சியிருந்த அந்த ஒரு சான்று, அவர் சொன்ன வடிவில் இல்லாவிட்டாலும், பிழைத்துக்கொண்டது.

முகமுள்ளவள் வேலை செய்யாதவள். அவள் பார்ப்பதும் வயலை இல்லை; சட்டத்துக்கு வெளியே, ஏறத்தாழ நம்மை.

அவள் எதை அணைத்திருக்கிறாள்? முதலில் தண்ணீர்க் குடுவை என்று எண்ணினேன். புரூகலின் ஓவியத்திலும் கோதுமைக்கு நடுவிலுள்ள வழியில் ஒருவன் குடுவைகளைத் தூக்கி வருகிறான். பிறகு கதிர்க்கட்டு என்று எண்ணினேன். நண்பர் தொடக்கத்திலிருந்தே குழந்தை என்கிறார்.

மார்ச் 3

குழந்தையாக இருந்தால் நண்பரின் துயரக் கதை முழுவதும் திரும்பி வந்துவிடும் என்பதால் நான் அதை எதிர்க்கிறேனோ என்ற ஐயம் எழுகிறது. நேற்று எழுதியதைப் படித்தபோது 'முதலில்', 'பிறகு' என்று என் இரண்டு ஊகங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டு, அவருடையதை ஒரே வரியில் முடித்திருக்கிறேன்.

மார்ச் 9

புதிய அட்டை போடுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தோம்.

அவள் கையில் இருப்பது நீர்க்கறை. பாதி உலர்ந்த வண்ணத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், அது நிறமியை ஓரங்களுக்குத் தள்ளிக்கொண்டு போய், நடுவே வெளிறி, விளிம்பில் பூவிதழைப் போலச் சுருண்ட வடிவத்தை உண்டாக்கும். நீர்வண்ணம் பயில்பவர்கள் எல்லாரும் அஞ்சும் விபத்து அது. இங்கே அந்தப் பூ அவளுடைய மார்பின் சிவப்பின் மேல் சரியாக விழுந்திருக்கிறது. தூரிகையிலிருந்து சொட்டியிருக்கும். திறந்த வெளியில் வரைந்திருந்தால் மழைத்துளியாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்தக் கறையைச் சுற்றி, அதன் நெளிவுகளை விடாமல் பின்தொடர்ந்து, ஒரு கருநீலக் கோடு போகிறது. கூர்மையான கோடு, உலர்ந்த பிறகு இட்டது. அவளுடைய இரண்டு கைகளும் அந்தக் கோட்டுக்கு வெளியே, அதே மையில், அதே கூர்மையில் வரையப்பட்டிருக்கின்றன. கைகளுக்கு அடியில் பழைய ஈரக்கோடு ஒன்று மங்கலாகத் தெரிகிறது: முதலில் அவள் கைகள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

நண்பர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அது குழந்தை என்று நான் சொல்வது தவறில்லையே என்றார். தவறில்லை என்றேன். குடுவை என்று நான் சொன்னதும் அப்படித்தான் என்றேன். அதை அவர் ஏற்கவில்லை. குடுவையை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள் என்றார். கைகளைத் திரும்பப் பார்த்தேன். வலது கை அடியில் தாங்கியிருக்கிறது. இடது கை மேலிருந்து, விரல்களை விரித்து, மூடியிருக்கிறது.

புதிய அட்டையை, மேல் விளிம்பின் ஊதாப் பட்டை வெளியே தெரியும்படி வெட்டச் சொல்லியிருக்கிறோம். வெளிச்சம் படாத உள்சுவர் ஒன்றை நண்பர் தேடிக்கொண்டிருக்கிறார்.